பெர்லில் கோப்புப் பதிவேற்றம்: அனுப்பியவர் வைத்த பெயரை நம்பாமல் கோப்பை வாங்கும் முறை

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் உள்ள ஒரு தமிழ் அமைப்புக்கு ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடக்கும் மாணவர் கட்டுரைப் போட்டிக்கான இணையப் பக்கத்தை நான் கவனித்து வருகிறேன். ஸ்ரீராமபுரம், விவேக் நகர், முருகேஷ்பாளையா என்று நகரின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் கையால் எழுதிய கட்டுரையைக் கைப்பேசியில் படம் பிடித்தோ பி.டி.எஃப். ஆக்கியோ அந்தப் பக்கத்தில் ஏற்றுகிறார்கள். அமைப்பு எடுத்திருக்கும் மலிவு விலை வழங்கியில் ஓடுவது அப்பாச்சி என்ற இணைய வழங்கி மென்பொருளும் பெர்ல் என்ற நிரல்மொழியும் மட்டுமே. எனவே பதிவேற்றத்தைக் கையாளும் நிரலைப் பெர்லில்தான் எழுதினேன், அதுவும் முதல் ஆண்டில் தவறாக எழுதினேன்.

அந்தத் தவறு இதுதான். மாணவர் தம் கணினியில் கோப்புக்கு என்ன பெயர் வைத்திருந்தாரோ அதே பெயரில் வழங்கியிலும் சேமித்தேன். போட்டி முடிந்து எண்ணிப் பார்த்தபோது பதிவேட்டில் இருந்த பெயர்களைவிடக் கோப்புகள் குறைவாக இருந்தன, ஏனென்றால் பலர் தம் கோப்புக்கு ‘கட்டுரை’ என்றே பெயரிட்டிருந்தார்கள், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துக்கொண்டே போயிருந்தது. ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, என் பொண்ணு கட்டுரை ஏறிடுச்சுன்னு உங்க பக்கம்தானே சொல்லிச்சு, இப்ப இல்லைன்னா எப்படி?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகு நிரலை முதலிலிருந்து திருத்தி எழுதியபோது கடைப்பிடித்த முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

ஒரு குறிப்பு: பெர்லின் கட்டளைச் சொற்களையும் தொகுதிப் பெயர்களையும் அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் தட்டும்போது அவற்றுக்கு உரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உலாவி அனுப்புவது என்ன?

இணையப் படிவத்தின் வழியாகக் கோப்பு அனுப்பும் வழக்கம் 1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1867 என்ற ஆவணத்தோடு தொடங்கியது. அதற்கு முன்பு படிவங்கள் எழுத்துகளை மட்டுமே சுமந்தன. கோப்பு ஏற்ற வேண்டுமானால் படிவத்தின் அனுப்பு முறை ‘போஸ்ட்’ ஆக இருக்க வேண்டும், அதன் குறியாக்க வகை ‘மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா’ என்று வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டால் உலாவி எந்தப் பிழையும் காட்டாமல் கோப்பின் பெயரை மட்டும் அனுப்பிவிடும், உள்ளடக்கம் வராது. ‘பெயர் வருகிறது, கோப்பு வரவில்லை’ என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது படிவத்தின் அந்த ஒரு வரியைத்தான்.

அனுப்பப்படும் உடலை ஒருமுறையாவது பச்சையாகப் பார்ப்பது நல்லது. முதல் வரியில் இரண்டு சிறுகோடுகளும் அவற்றைத் தொடர்ந்து உலாவி தன் போக்கில் உருவாக்கிய ஒரு பிரிப்புச் சரமும் இருக்கும். அடுத்து, படிவப் புலத்தின் பெயரையும் கோப்பின் மூலப் பெயரையும் சொல்லும் ஒரு தலைப்பு வரி, பிறகு கோப்பின் வகையைச் சொல்லும் இன்னொரு தலைப்பு வரி, ஒரு வெற்று வரி, அதன்பின் கோப்பின் பைட்டுகள் அப்படியே வரும். ஒவ்வொரு புலத்துக்கும் இதே அமைப்பு திரும்ப வந்து, கடைசிப் பிரிப்புச் சரத்தின் முடிவில் மேலும் இரண்டு சிறுகோடுகள் சேர்ந்தால் உடல் முடிந்தது என்று பொருள். கோப்பின் பெயர், வகை ஆகிய இரண்டுமே அனுப்புபவரின் பக்கத்தில் எழுதப்பட்டவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வகையைக்கூட உலாவி பெரும்பாலும் கோப்பின் பின்னொட்டைப் பார்த்துத்தான் சொல்கிறது. ஆகவே ‘படம்’ என்று சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் படமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த உடலைத் தாமே பிரித்தெடுக்க முயல்பவர்கள் உண்டு, பழைய பெர்ல் நிரல்களில் அப்படிப்பட்ட நாற்பது ஐம்பது வரிகளை இன்றும் காணலாம். அந்த வேலையைச் செய்ய வேண்டாம். இணைய வழங்கி ஒரு கோரிக்கையை நிரலிடம் ஒப்படைக்கும் முறைக்குச் சி.ஜி.ஐ. என்று பெயர். அதற்காக லிங்கன் ஸ்டைன் எழுதிய சி.ஜி.ஐ. தொகுதி பல ஆண்டுகளாக அதைச் சரியாகச் செய்து வருகிறது.

தொகுதியை நிறுவுதல்

சி.ஜி.ஐ. தொகுதி ஒரு காலத்தில் பெர்லோடு சேர்ந்தே வந்தது. 2015-இல் வெளியான பெர்ல் 5.22 பதிப்பிலிருந்து அது மூலத் தொகுப்பில் இல்லை, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். டெபியன், உபுண்டு வழங்கிகளில் அவற்றின் பொதி மேலாளர் மூலமாகவும், மற்றவற்றில் பெர்ல் தொகுதிகளின் பொதுக் களஞ்சியமான சீபான் மூலமாகவும் நிறுவலாம். அப்பாச்சியில் சி.ஜி.ஐ. கூறு இயக்கப்பட்டிருக்கிறதா, நிரலுக்கு 755 அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். விண்டோஸ் நோட்பேடில் எழுதி ஏற்றிய நிரலாக இருந்தால் முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருந்தும் ‘500’ பிழை வரும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்தேன்.

புதிதாகத் தொடங்குபவர், வழங்கியில் விரும்பியதை ஓட்ட முடிந்தவர் என்றால் மோஜோலிஷியஸ் அல்லது டான்சர்2 போன்ற பெர்ல் இணையச் சட்டகத்தை எடுத்துக்கொள்வதே மேல். மோஜோலிஷியஸ் பெரிய கோப்புகளை நினைவகத்தில் வைக்காமல் தானே தற்காலிகக் கோப்புக்கு மாற்றிவிடும், முழுக் கோரிக்கைக்கும் இயல்பாகவே 16 எம்.பி. வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் கீழே சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எந்தச் சட்டகத்துக்கும் பொருந்தும்.

நிரலின் தொடக்கம்

முதல் வரியில் பெர்லின் பாதைக்குப் பின்னால் பெரிய எழுத்து ‘-டி’ கொடியைச் சேர்க்கவும். இது கறைச் சோதனை முறையை இயக்கும். வெளியிலிருந்து வந்த எந்த மதிப்பையும் பெர்ல் ‘கறைபட்டது’ என்று குறித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்கவோ வேறு கட்டளையை இயக்கவோ முயன்றால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். என் முதல் ஆண்டு நிரலில் இந்தக் கொடி இருந்திருந்தால் மாணவர் தந்த பெயரில் கோப்பைத் திறக்கவே முடிந்திருக்காது. கட்டளை வரியில் இலக்கணச் சோதனை செய்யும்போதும் அதே கொடியைத் தர வேண்டும், இல்லாவிட்டால் பெர்ல் முறையிடும். நிரலின் தவறுகளை எடுத்துக்காட்டும் ‘ஸ்டிரிக்ட்’, ‘வார்னிங்ஸ்’ இரண்டும் வழக்கம்போல் வேண்டும்.

அடுத்து, கோரிக்கைப் பொருளை உருவாக்கும் வரிக்கு முன்பே சி.ஜி.ஐ. தொகுதியின் ‘போஸ்ட்_மேக்ஸ்’ மாறியில் அளவு வரம்பை வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் பயன் இல்லை, ஏனென்றால் பொருள் உருவாகும் நொடியிலேயே உடல் முழுவதும் வாசிக்கப்பட்டுவிடுகிறது. இந்த மாறி இயல்பில் வரம்பே இல்லாத நிலையில் இருக்கும், ஆகவே யாராவது விளையாட்டாகத் திரைப்படம் ஒன்றை ஏற்றினாலும் வழங்கி அதை வாங்கிக்கொண்டே இருக்கும். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றே 3, 4 எம்.பி. வருகிறது என்பதால் எங்கள் போட்டிக்கு 10 எம்.பி. வைத்தேன். இந்த வரம்பு படிவத்தின் மற்றப் புலங்கள், பிரிப்புச் சரங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த உடலுக்கானது, தனி ஒரு கோப்புக்கானது அல்ல.

வரம்பு மீறப்பட்டால் தொகுதி உடலை வாசிக்காமலேயே விட்டுவிடும், படிவத்தின் புலங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கும். ‘பெயரை நிரப்பவில்லை’ என்று மாணவரைக் குறை சொல்வதற்கு முன் ‘சி.ஜி.ஐ._எரர்’ செயற்கூற்றைக் கேட்டுப் பார்த்து, 413 என்று வந்தால் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று சொல்ல வேண்டும். உடல் வாசிக்கப்படாததால் சில நேரங்களில் அந்தச் செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே இணைப்பு துண்டிக்கப்படலாம் என்பதால், உலாவியிலேயே ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அளவைச் சோதித்து முன்கூட்டியே எச்சரிப்பது பயனருக்குச் செய்யும் உதவி. ஆனால் அது உதவி மட்டுமே, காவல் அல்ல. அப்பாச்சியின் ‘லிமிட் ரெக்வெஸ்ட் பாடி’ வரம்பையும் சேர்த்து வைத்தால் இரண்டாவது கதவு ஒன்று கிடைக்கும். 2.4.53 பதிப்பு வரை அதற்கும் இயல்பில் வரம்பு கிடையாது.

‘பாரம்’ வேண்டாம், ‘அப்லோட்’ போதும்

கோப்பைப் பெற இரண்டு வழிகள் இருப்பதுபோல் தோன்றும். ‘பாரம்’ செயற்கூறு புலத்தின் மதிப்பைத் தருகிறது. கோப்புப் புலமாக இருந்தால் அது பெயராகவும், நிரல் கோப்பை வாசிக்க உதவும் கைப்பிடியாகவும் இருமுகம் காட்டும் ஒரு பொருளாக வருகிறது. ‘அப்லோட்’ செயற்கூறு உண்மையாகவே கோப்பு ஏற்றப்பட்டிருந்தால் மட்டும் கைப்பிடியைத் தரும். பழைய பாடங்களில் ‘அப்லோட்’ மூலம் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘பாரம்’ தந்ததிலிருந்து வாசிக்கும் நிரல்கள் ஏராளம். நானும் அப்படித்தான் கற்றேன்.

இதில் உள்ள ஓட்டையை 2015 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கணினி மாநாட்டில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் மேடையிலேயே காட்டினார். தாக்குபவர் ஒரே பெயரில் இரண்டு புலங்களை அனுப்புகிறார். முதலாவது வெறும் எழுத்துப் புலம், அதில் ‘ஆர்க்வி’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. இரண்டாவது உண்மையான கோப்பு. ‘அப்லோட்’ கோப்பு இருக்கிறது என்று சரியாகவே சொல்லும், ‘பாரம்’ முதலில் வந்த எழுத்துப் புலத்தைத் தரும். அந்தச் சொல்லைக் கைப்பிடி என்று எண்ணி வரி வரியாக வாசிக்கப் போனால், பெர்ல் தனக்குக் கட்டளை வரியில் தரப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கத் தொடங்கும், ஏனெனில் ‘ஆர்க்வி’ என்பது அதற்கென்றே உள்ள சிறப்புக் கைப்பிடி. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் வினவல் சரத்தில் சமக்குறி இல்லாவிட்டால் அதைச் சி.ஜி.ஐ. முறை நிரலுக்குக் கட்டளை வரி மதிப்புகளாகத் தருகிறது என்பதால், எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதைத் தாக்குபவரே முகவரியில் எழுதிவிட முடியும். போதாக்குறைக்கு, அந்தப் பழைய திறப்பு முறை பெயரின் கடைசியில் செங்குத்துக் கோடு வந்தால் அதைக் கோப்பாகக் கருதாமல் கட்டளையாகவே நிறைவேற்றும் வழக்கம் உடையது. மாணவர் கட்டுரையை வாங்க வைத்த சாளரம் வழங்கியின் வாசற்கதவாகிவிடும்.

ஆகவே கைப்பிடியை ‘அப்லோட்’ இடமிருந்து பெறவும், அதிலிருந்து மட்டுமே வாசிக்கவும். ‘பாரம்’ தருவதை மூலப் பெயரைக் குறித்துவைக்க மட்டும் பயன்படுத்தவும், அதையும் எப்போதும் ஒற்றை மதிப்பை மட்டும் தரும் ‘ஸ்கேலர்’ சூழலில் அழைக்கவும். ஒரே புலத்தில் பல கோப்புகளை அனுமதித்திருந்தால் ‘அப்லோட்’ செயற்கூற்றைப் பட்டியல் சூழலில் அழைத்து எல்லாக் கைப்பிடிகளையும் பெற்றுக்கொள்ளலாம்.

உள்ளடக்கத்தைப் பார்த்தல், புதுப் பெயர் இடுதல்

கைப்பிடி கிடைத்ததும், பைட்டுகளை மாற்றாமல் அப்படியே வாசிக்கச் சொல்லும் ‘பின்மோட்’ செய்துவிட்டு முதல் எட்டு பைட்டுகளை வாசிக்கவும். ஜேபெக் படம் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். பி.என்.ஜி. படம் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டோடு தொடங்கும். பி.டி.எஃப். கோப்பில் 37, 80, 68, 70, 45 ஆகிய ஐந்தும் முதலில் இருக்கும். இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் பெயரின் பின்னொட்டு என்ன சொன்னாலும் மறுத்துவிடலாம். இது முழுச் சோதனை ஆகாது, படத்தின் தலையை ஒட்டவைத்த போலிக் கோப்பை உருவாக்குவது கடினம் அல்ல. இருந்தாலும் தவறுதலாக வேறு கோப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களை இது உடனே பிடித்துவிடும், எங்களுக்கு வந்த தொல்லைகளில் பெரும்பகுதி அந்த வகைதான். பார்த்து முடித்ததும் ‘சீக்’ மூலம் கைப்பிடியைத் தொடக்கத்துக்குத் திருப்ப மறக்கக் கூடாது. மறந்தால் எட்டு பைட் தலையிழந்த படங்கள்தான் சேமிக்கப்படும்.

இப்போது பெயர். வட்டில் வைக்கும் பெயரில் மாணவர் தட்டிய ஓர் எழுத்துகூட இருக்க வேண்டியதில்லை. லினக்ஸின் ‘யூரேண்டம்’ சாதனத்திலிருந்து 16 பைட்டுகளை வாசித்துப் பதினாறின்மான எண்களாக மாற்றினால் 32 எழுத்துப் பெயர் ஒன்று கிடைக்கும். பெர்லின் ‘ரேண்ட்’ செயற்கூறு இதற்கு ஏற்றது அல்ல, அதன் எண்களை ஊகிக்க முடியும். பின்னொட்டை நாம் பார்த்த முதல் பைட்டுகளின் அடிப்படையில் நாமே சேர்க்கிறோம். சாதனத்திலிருந்து வாசித்ததும் வெளியிலிருந்து வந்ததுதான் என்பதால் கறைச் சோதனை அதையும் சந்தேகிக்கும். பெயர் முழுவதும் 32 பதினாறின்மான எழுத்துகளே என்று தொடக்கமும் முடிவும் கட்டிய ஒரு சுருங்குறித் தொடரால், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் வார்ப்பால், பொருத்திப் பார்த்து, அடைப்புக்குள் பிடிபட்ட பகுதியை எடுத்துக்கொண்டால் கறை நீங்கும். ‘எதுவாயினும் பொருந்தும்’ என்ற தொடரால் கறை நீக்குபவர்கள் சோதனையைக் கடந்துபோகிறார்களே தவிர, எதையும் சோதிப்பதில்லை.

கோப்பைத் திறக்கச் சாதாரண ‘ஓபன்’ வேண்டாம், ‘சிஸ்ஓபன்’ பயன்படுத்தவும். ‘எழுத மட்டும்’, ‘இல்லாவிட்டால் உருவாக்கு’, ‘ஏற்கெனவே இருந்தால் தோற்றுப் போ’ ஆகிய மூன்று கொடிகளையும் சேர்த்துத் தர வேண்டும், அவை ‘எஃப்கண்ட்ரோல்’ தொகுதியில் உள்ளன. மூன்றாவது கொடிதான் என் முதல் ஆண்டுத் தவறுக்கு நேரடி மருந்து. அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை அழித்து எழுத வழங்கி மறுத்துவிடும், இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தாலும் ஒன்றுதான் வெல்லும். இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு திறப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் பார்ப்பதற்கும் திறப்பதற்கும் இடையில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். அனுமதி 0640 போதும்.

சேமிக்கும் அடைவு இணையத்தில் நேரடியாகத் தெரியும் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், ஏற்றிய கோப்பு ஒரு நிரலாக இருந்து வழங்கியும் அதை இயக்கும்படி அமைந்திருந்தால் கதை முடிந்தது. 8192 பைட்டுகளாக வாசித்து எழுதினால் நினைவகம் பெருகாது. ஒவ்வொரு முறை எழுதுவதும் வெற்றி பெற்றதா என்பதையும், குறிப்பாக இறுதியில் ‘குளோஸ்’ திருப்பித் தரும் மதிப்பையும் சோதிக்க வேண்டும். வட்டு நிரம்பிவிட்டால் அந்தச் செய்தி பல நேரங்களில் மூடும்போதுதான் வெளிவரும். ‘பெறப்பட்டது’ என்ற செய்தியையும் விண்ணப்ப எண்ணையும் ‘குளோஸ்’ வெற்றி பெற்று, மூலப் பெயரும் புதுப் பெயரும் தரவுத்தளத்தில் பதிவான பிறகே மாணவருக்குக் காட்டவும்.

ஏற்றப்பட்டதை வாங்கி வைக்கச் சி.ஜி.ஐ. தொகுதி உருவாக்கும் தற்காலிகக் கோப்பு நிரல் முடிந்ததும் தானாகவே அழிந்துவிடும். அதைத் தேடித் தற்காலிக அடைவைப் பார்ப்பவர்கள் ஒன்றும் இல்லை என்று குழம்புவதுண்டு. உபுண்டு, டெபியன் வழங்கிகளில் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அப்பாச்சிக்கென்று தனித் தற்காலிக அடைவு ஒன்றை ஒதுக்குகிறது, நாம் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் அது தெரியாது.

தமிழ்ப் பெயர்களின் தனிச் சிக்கல்

மூலப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்வது நடுவர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டத்தான், ஆனால் தமிழில் அதற்கும் கவனம் வேண்டும். சி.ஜி.ஐ. தொகுதியின் ‘ஹெடர்’ செயற்கூறு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்தை ஐ.எஸ்.ஓ.-8859-1 என்று அறிவிக்கிறது. விளைவாக ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதில் கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்தும் பெரும்பாலும் ® என்ற குறியும் திரையில் வரிசையாக நிற்கும். யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175 என்பதால்தான் அந்தத் தோற்றம். ‘ஹெடர்’ அழைப்பில் எழுத்துக்குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகத் தந்தால் இது தீரும். ஆனால் அதே ஆர்வத்தில் உள்ளீட்டுக் கைப்பிடிக்கும் யூ.டி.எஃப்-8 அடுக்கைப் போட்டுவிடக் கூடாது, படங்களின் பைட்டுகள் சிதைந்துவிடும். பெயரை மட்டும் ‘என்கோட்’ தொகுதி மூலம் தனியாகக் குறிவிலக்கவும்.

நீளமும் கணக்கில் வரும். லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்டுகள்தான் வரம்பு. ‘விண்ணப்பம்’ என்ற ஒரு சொல்லே 10 குறியீடுகள், 30 பைட்டுகள். தலைப்பு முழுவதையும் பெயராக வைக்கும் மாணவர் எளிதில் வரம்பைத் தாண்டுவார். நாம் புதுப் பெயர் இட்டுவிட்டதால் வட்டில் இந்தச் சிக்கல் எழாது, தரவுத்தளப் புலத்தின் நீளத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே பிரித்து மூன்றாகவும் எழுதலாம். ஆப்பிள் மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ்.+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும் நிரலுக்கு வேறு வேறு. ‘கொன்றை’ என்று தேடியபோது பட்டியலில் கண்ணெதிரே இருந்த கோப்பு அகப்படாததற்குக் காரணம் இதுதான். பெர்லோடு வரும் ‘யூனிகோட் நார்மலைஸ்’ தொகுதியின் ‘என்.எஃப்.சி.’ செயற்கூற்றில் பெயரைச் செலுத்திவிட்டுச் சேமித்தால் எல்லாம் ஒரே வடிவுக்கு வரும்.

திருப்பித் தருதல், சோதித்தல்

நடுவர்கள் கோப்பைப் பார்க்க வேண்டும்போது அடைவைத் திறந்துவிடாமல் இன்னொரு சிறு நிரல் மூலம் தரவும். விண்ணப்ப எண்ணைப் பெற்று, நடுவரின் உள்நுழைவைச் சரிபார்த்து, தரவுத்தளத்திலிருந்து புதுப் பெயரை எடுத்து, உள்ளடக்க வகையை நாம் கண்டறிந்தபடியே அறிவித்து அனுப்ப வேண்டும். உலாவி தானாக வகையை ஊகிக்காமலிருக்க ‘நோஸ்னிஃப்’ தலைப்பையும் சேர்க்கவும்.

சோதனைக்கு உலாவியைவிட, கட்டளை வரியிலிருந்தே கோரிக்கை அனுப்பும் ‘கர்ல்’ கட்டளையின் பெரிய எழுத்து ‘-எஃப்’ கொடி வசதியானது. வெறும் கோப்பு, வரம்பைவிட ஒரு பைட் பெரிய உடல், படம் என்று பெயரிட்ட உரைக் கோப்பு, மேல் அடைவுக்கு ஏறிச் செல்லும் புள்ளிகளும் சாய்கோடும் கொண்ட பெயர், ‘ஆர்க்வி’ என்ற எழுத்துப் புலத்தோடு சேர்ந்த கோப்பு ஆகிய ஐந்தையும் அனுப்பிப் பார்க்கவும். கடைசியாக, உள்ளடக்கம் வேறாகவும் பெயர் ‘கட்டுரை’ என்று ஒன்றாகவும் உள்ள இருபது கோப்புகளை ஒரே நேரத்தில் பின்னணியில் ஏவிவிட்டு, அடைவில் இருபதும் இருக்கின்றனவா என்று எண்ணவும்.